பிரேரி வேர்களும் மண்ணும்: நெப்ராஸ்கா புல்வெளியின் வேராய்வு வரலாறு

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே பரந்து கிடந்த இயற்கைப் புல்வெளி பிரேரி எனப்படுகிறது. கிழக்கே மழை மிகுந்த பகுதியில் ஆளுயரப் புற்களும், மேற்கே வறண்ட பகுதியில் குட்டைப் புற்களும், இடையில் இரண்டும் கலந்தும் வளர்ந்தன. இதன் மண் உலகின் வளமான மண்வகைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்த மண்ணின் கருமையும் பொலபொலப்பும் புல்வேர்களின் பல்லாயிரம் ஆண்டு உழைப்பில் உருவானவை. இதை அறிவியல் புரிந்துகொண்ட காலமும் அந்த மண்ணை உழவு சிதைத்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஜான் எர்னெஸ்ட் வீவர் (1884–1966) இந்த வரலாற்றின் மைய மனிதர்.

வேர் மண்ணில் செய்வது

மணல், வண்டல், களி ஆகிய துகள்கள் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பது மண்ணின் இழைநயம். அத்துகள்கள் எவ்வாறு ஒன்றுசேர்ந்து திரள்களாகவும், திரள்களுக்கிடையே துளைகளாகவும் அமைந்துள்ளன என்பது மண்ணின் கட்டமைப்பு. இழைநயத்தை உழவர் மாற்ற முடியாது. கட்டமைப்பை ஆக்கவும் முடியும், அழிக்கவும் முடியும். ஒரே களிமண் ஓரிடத்தில் கையில் எடுத்தால் உதிரும் பருக்கைகளாகவும், பக்கத்து வயலில் செங்கல் போலவும் இருப்பது இதனால்தான்.

வேர் இக்கட்டமைப்பைப் பல வழிகளில் உருவாக்குகிறது. வளரும் வேர்நுனி மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கி வழி உண்டாக்குகிறது. வேர் நீரை உறிஞ்சும்போது அதைச் சுற்றியுள்ள மண் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. மழை பெய்ததும் மீண்டும் விரிகிறது. இவ்வாறு நனைந்தும் காய்ந்தும் பெருங்கட்டிகள் சிறு திரள்களாக உடைகின்றன. வேர்நுனி சுரக்கும் வழவழப்பான பசை துகள்களை ஒட்டுகிறது. வேர் கசியவிடும் சர்க்கரைகளையும் அமிலங்களையும் உண்டு வாழும் நுண்ணுயிர்கள் தம் பங்குக்குப் பசையைச் சுரக்கின்றன. வேருடன் கூடி வாழும் பூஞ்சைகளின் இழைகள் திரள்களை வலைபோல் சுற்றிக் கட்டுகின்றன. கடைசியாக வேர் மடிந்து மக்கும்போது அது இருந்த இடம் குழாய்போன்ற துளையாக எஞ்சி, நீருக்கும் காற்றுக்கும் அடுத்த தலைமுறை வேருக்கும் வழியாகிறது.

ஓராண்டுப் பயிரின் வேரும் இவற்றைச் செய்கிறது. ஆனால் சில மாதங்களுக்குத்தான். பல்லாண்டு வாழும் புல்லின் வேர் தொடர்ந்து செய்கிறது, யாரும் இடையில் புரட்டிப் போடாத மண்ணில் செய்கிறது. பிரேரியின் வேறுபாடு இதில்தான் உள்ளது.

புல்மண் வீடுகள்

வேர் மண்ணை எவ்வளவு இறுகக் கட்டியிருந்தது என்பதற்கு ஆய்வகச் சான்றுகளுக்கு முன்பே ஒரு சான்று இருந்தது. குடியேறிகள் அதற்குள்தான் வாழ்ந்தார்கள்.

1862-ஆம் ஆண்டின் குடிநிலச் சட்டம் 160 ஏக்கர் நிலத்தைக் குடியேறிகளுக்கு வழங்கியது. நெப்ராஸ்காவுக்கும் கான்சாஸுக்கும் வந்தவர்கள் அங்கே வீடு கட்ட மரம் இல்லாததைக் கண்டார்கள். எனவே நிலத்தையே வெட்டி எடுத்தார்கள். இதற்கென அமைந்த கலப்பையால் புல்வெளியை நீண்ட பட்டைகளாகச் சீவி, மண்வெட்டியால் துண்டாக்கினர். ஒரு பாளம் ஏறத்தாழ 3 அடி நீளம், 1 அடி அகலம், 4 அங்குலத் தடிமன் கொண்டது. புல் உள்ள பக்கத்தைக் கீழாகக் கவிழ்த்து, செங்கல் வரிசைபோல் அடுக்கிச் சுவர் எழுப்பினர். இரண்டடிக்கு மேல் தடிமனான அச்சுவர்கள் கோடையில் குளிர்ச்சியையும் பனிக்காலத்தில் வெதுவெதுப்பையும் தந்தன. கூரை ஒழுகியது, பாம்பும் எலியும் குடியிருந்தன என்பது வேறு. குடியேறிகள் இந்தப் பாளங்களைக் கேலியும் பெருமிதமுமாக 'நெப்ராஸ்கா சலவைக்கல்' என்று அழைத்தார்கள். சாலமன் பட்சர் என்னும் புகைப்படக்காரர் 1886 முதல் கஸ்டர் மாவட்டத்தில் இவ்வீடுகளையும் அவற்றின் முன் நிற்கும் குடும்பங்களையும் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

சுண்ணாம்போ சூளையோ இல்லாமல் ஒரு மண் பாளம் சுவரின் எடையைத் தாங்க வேண்டுமானால் அதற்குள் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அது பஃபலோ புல், புளூஸ்டெம் போன்றவற்றின் வேர்ப்பின்னல். ஒரு நாளில் அடுக்கக்கூடிய அளவு மட்டுமே வெட்டுவது வழக்கம். வெட்டிய பாளம் காய்ந்தால் உதிரும் என்பதைக் குடியேறிகள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

இந்நிலத்தின் முன்னைய உழவர்களான பானி பழங்குடியினர் மக்காச்சோளத்தையும் அவரையையும் பூசணியையும் ஆற்றோரத் தாழ்நிலங்களில் மட்டுமே பயிரிட்டனர். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பால் ஆன கொத்தே அவர்களின் கருவி. மேட்டுநிலப் புல்வெளி வேட்டைக்கு உரியது; அதன் வேர்க்கட்டை அவர்கள் தொடவில்லை. 1870-களில் பானியர் இன்றைய ஒக்லஹோமா பகுதிக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். அதன்பின் மேட்டுநிலம் முழுவதும் கலப்பைக்குத் திறந்தது.

கலப்பையும் மழையும்

கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் பிரேரியின் பிசுபிசுப்பான கரிய மண் அப்பிக்கொண்டது. சில அடிகளுக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. இல்லினாயில் கொல்லராக இருந்த ஜான் டீர் 1837-இல் மெருகேற்றிய எஃகைக் கொண்டு செய்த கலப்பையில் மண் ஒட்டாமல் வழுக்கிச் சென்றது. கன்னிநிலத்தை முதன்முறை உடைப்பதற்குப் பல இணை எருதுகள் பூட்டிய பெருங்கலப்பைகள் தேவைப்பட்டன. உழும்போது வேர்கள் அறுபடும் ஓசை கேட்கும். லெட் பிளான்ட் என்னும் அவரைக் குடும்பச் செடிக்குப் 'பிரேரியின் காலணிக்கயிறு' என்ற பட்டப்பெயரே உண்டு. அதன் கெட்டியான வேர்கள் கொழுவில் பட்டுப் பட்டென்று அறுந்தன.

இந்த உடைப்புக்கு ஒரு கோட்பாட்டுத் துணையும் கிடைத்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் இயற்கை அறிவியல் பேராசிரியர் சாமுவேல் ஆகி, உழாத புல்தரை கடினமானது, மழைநீர் அதன்மீது வழிந்தோடிவிடுகிறது என்றார். உழுத நிலமோ பஞ்சுபோல் நீரை உறிஞ்சி மெல்ல ஆவியாக விடும். எனவே உழவு பெருகப் பெருக மழையும் பெருகும் என்பது அவர் வாதம். நில வணிகத்தில் ஈடுபட்டிருந்த சார்லஸ் டானா வில்பர் 1881-இல் வெளியான தன் நூலில் இதை 'மழை கலப்பையைப் பின்தொடர்கிறது' என்ற ஒரே தொடரில் அடக்கினார். ரயில்வே நிறுவனங்களுக்கும் நிலத்தரகர்களுக்கும் இதைவிட வாய்ப்பான அறிவியல் இருந்திருக்க முடியாது. சில ஆண்டுகள் நல்ல மழையும் பெய்தது. 1890-களின் வறட்சி அந்த நம்பிக்கையை முறித்தது.

மழைபற்றிய பகுதி பிழை என்பது விரைவில் தெரிந்துவிட்டது. மண்பற்றிய பகுதியும் தலைகீழானது என்பதைக் காட்ட இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதைக் காட்டியவர் ஆகி பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

வீவரின் குழிகள்

ஜான் வீவர் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். நெப்ராஸ்காவில் பயின்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாவரச் சூழலியலின் முன்னோடியான ஃபிரெடெரிக் கிளமென்ட்ஸின் வழி வந்தவர். இருவரும் இணைந்து எழுதிய பாடநூல் 1929-இல் வெளிவந்தது. அக்காலத் தாவரவியலாளர் பெரும்பாலோர் தரைக்கு மேல் உள்ளதையே எண்ணி அளந்தனர். ஒரு செடியின் பாதி மண்ணுக்குள் இருக்கும்போது மேல்பாதியை மட்டும் பார்த்து அதன் வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது என்பது வீவரின் நிலைப்பாடு.

அவரது முறையில் நுட்பக் கருவி ஏதுமில்லை. ஆய்வுக்குரிய செடியின் பக்கத்தில், ஆள் இறங்கி நின்று வேலை செய்யுமளவு பெரிய குழி வெட்டப்படும். குழிச் சுவரிலிருந்து சிறு கூர்க்கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் குத்தி உதிர்த்து, வேரை அறுக்காமல் வெளிக்கொணர வேண்டும். வெளிவந்த வேர் ஒவ்வொன்றும் அதே இடத்தில் அளவுத்திட்டப்படி தாளில் வரையப்படும். வேர் இறங்க இறங்கக் குழியும் ஆழமாகும். ஒரு செடிக்கு நாட்கணக்கில் ஆகும். இவ்வாறு திரட்டிய செய்திகளோடு 1919-இல் கார்னகி நிறுவனத்தின் வெளியீடாக அவரது வேர்ச் சூழலியல் நூல் வந்தது. வயற்பயிர்களின் வேர்பற்றி 1926-இலும், காய்கறிப் பயிர்களின் வேர்பற்றி 1927-இலும் நூல்கள் வந்தன. அந்தப் படங்கள் இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகின்றன.

படங்கள் காட்டிய ஆழம் பலரை வியக்க வைத்தது. பெரிய புளூஸ்டெம் புல்லின் வேர்கள் 7 அடிவரை இறங்கின. லெட் பிளான்ட் 16 அடிவரை சென்றது. மேலும் எல்லாச் செடிகளும் ஒரே ஆழத்தில் போட்டியிடவில்லை. சில மேல்மண்ணிலும் சில நடுமண்ணிலும் சில அடிமண்ணிலும் வேர்விட்டு நிலத்தை அடுக்கடுக்காகப் பங்கிட்டுக்கொண்டன. மேல் அரையடியில் புல்வேர்கள் அடர்ந்து பின்னிக் கிடந்தன. கரிமப் பொருளும் அங்கேதான் மிகுந்திருந்தது. மேலே காணும் புல்லைவிடக் கீழே காணாத வேரே எடையில் மிகுதி என்பது பிரேரி நிலங்களில் திரும்பத் திரும்ப உறுதியானது. புல்லை மேய்ந்தாலும் தீ எரித்தாலும் மண்ணுக்குச் சேரும் கரிமத்தின் பெரும்பங்கு உள்ளிருந்தே வருகிறது என்பது இதன் பொருள்.

வேரின் பரப்பு எவ்வளவு பெரியது என்பதை எண்ணிக்கையில் காட்டியவர் ஹோவர்ட் டிட்மர். அயோவாவில் அவர் ஒரே ஒரு ரை செடியை மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி, வேர்களை மாதிரி எடுத்து எண்ணிக் கணக்கிட்டார். 1937-இல் வெளியான முடிவின்படி அச்செடியில் 1 கோடியே 38 லட்சம் வேர்களும் கிளைவேர்களும் இருந்தன. மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகள் 1400 கோடி. அவற்றை நீட்டி வைத்தால் 10,000 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் இரண்டு கனஅடிக்கும் குறைவான மண்ணுக்குள்! இது ஓராண்டுப் பயிர் ஒன்றின் கணக்கு.

புழுதி ஆண்டுகள்

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. டிராக்டரும் வட்டுக் கலப்பையும் வந்தன. தெற்குச் சமவெளியின் குட்டைப் புல்வெளி 1920-களில் பெருமளவில் உடைக்கப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் விலை சரிந்தது, மழையும் பொய்த்தது. பயிரில்லாத வயல்கள் காற்றுக்குத் திறந்து கிடந்தன.

உழுத முதல் சில ஆண்டுகள் பிரேரி மண் கட்டுக்கோப்போடுதான் இருந்தது. இறந்த வேர்கள் அதில் இன்னும் மக்கிக்கொண்டிருந்தன, பழைய பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உழவர் இதை நிலத்தின் இயல்பு என்று எண்ணினர். உண்மையில் அவர்கள் முதலைச் செலவிட்டுக்கொண்டிருந்தனர். உழவு மண்ணுக்குள் காற்றைப் புகுத்த, நுண்ணுயிர்கள் கரிமத்தை விரைந்து தின்றன. பெருஞ்சமவெளி மண்கள் உழவு தொடங்கிய சில பத்தாண்டுகளில் தம் கரிமத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை இழந்ததாகப் பிற்கால ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. கட்டு அவிழ்ந்த திரள் பொடியானது, பொடி பறந்தது. 1934 மே மாதப் புயல் சமவெளியின் புழுதியை வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் கொண்டுசென்றது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை எழுந்த புயல் பகலை இருளாக்கியது. மண்காப்புக்காகப் பல ஆண்டுகள் வாதாடிவந்த ஹியூ ஹாமண்ட் பென்னெட்டின் முயற்சியால் அதே மாதம் 27-ஆம் தேதி மண்காப்புச் சட்டம் நிறைவேறியது.

வீவரின் முக்கியமான சோதனைகள் இந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிரேரி, மேய்ச்சல் நிலம், பயிர்நிலம் ஆகியவற்றில் மழைநீர் எவ்வளவு வழிந்தோடுகிறது என்று மாணவர்களுடன் அளந்தார். உழாத பிரேரியில் வழிந்தோடியது மிகக் குறைவு. ஆகி சொன்னதற்கு நேர்மாறாக, நீரை உறிஞ்சும் பஞ்சு புல்தரையாகவே இருந்தது. ஜோசஃப் கிரேமருடன் செய்து 1936-இல் வெளியிட்ட ஆய்வில், கலையாமல் வெட்டி எடுத்த மண் பாளங்களின் மீது நீரைப் பீய்ச்சி, மண் கரைய எவ்வளவு நேரமாகிறது என்று ஒப்பிட்டனர். சிலவற்றில் மேற்புல்லை முழுக்க நீக்கிவிட்டனர். மழைத்துளியின் அடியைத் தாங்குவது இலையும் தண்டும்; ஆனால் அவை போனபின்னும் புல்வேர் மட்டுமே மண்ணை நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது. பயிர்நிலப் பாளங்கள் விரைவில் கரைந்தன. அதே 1936-இல் ராபர்ட் யோடர், மண் திரள்களைச் சல்லடைகளில் இட்டு நீருக்குள் ஏற்றி இறக்கி அவற்றின் உறுதியை அளக்கும் முறையை வெளியிட்டார். கட்டமைப்பு என்பது கையால் தொட்டுச் சொல்லும் ஒன்றாக இருந்த நிலை மாறி, எண்ணால் சொல்லும் ஒன்றானது.

வேர் இருந்தால் போதும் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. வீவரும் ஃபிரெடெரிக் ஆல்பர்ட்சனும் வறட்சியில் இயற்கைப் பிரேரியே எப்படிச் செத்தது என்பதைப் பதிவு செய்தனர். சிறிய புளூஸ்டெம் பரவலாக மடிந்தது. பக்கத்து வயல்களிலிருந்து பறந்துவந்த புழுதியின் கீழ் மேய்ச்சல் புல் புதைந்தது. ஒருவர் உழுததன் விளைவை உழாத அண்டை நிலத்தாரும் சுமந்தார்கள்.

சோவியத் நாட்டில் வேர் அரசியலானது

இதே காலத்தில் ரஷ்யக் கருமண் புல்வெளியில் இதே கேள்வி வேறு வடிவம் எடுத்தது. வாசிலி வில்லியம்ஸ் (1863–1939) என்ற மண்ணியலாளர், பருக்கைக் கட்டமைப்பே வளத்தின் அடிப்படை, அதைத் தருவது பல்லாண்டுப் புல்லும் அவரைக் குடும்பத் தீவனமும் கலந்த வேர்களே என்று கற்பித்தார். எல்லா வயல்களும் சுழற்சியில் சில ஆண்டுகள் புல்லுக்கு விடப்பட வேண்டும் என்றார். அடிப்படைக் கவனிப்பில் பிழையில்லை. வீவர் கண்டதும் அதுவே. ஆனால் அது கட்சியின் ஆதரவு பெற்று மாற்றுக்கருத்துக்கு இடமில்லாத கோட்பாடாயிற்று. வறண்ட நில வேளாண்மை அறிஞரும் வில்லியம்ஸை மறுத்தவருமான நிகொலாய் துலாய்கோவ் 1937-இல் கைதாகி 1938-இல் சிறைமுகாமில் இறந்தார். 1948-இல் ஸ்டாலினின் இயற்கை மாற்றத் திட்டம், காட்டு வரிசைகளுடன் புல்சுழற்சியையும் புல்வெளிப் பகுதிகளுக்கு விதித்தது. மழை குறைந்த இடங்களில் புல் சரியாக வளராததால் வேரும் இல்லை, தானியமும் இல்லை என்றாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் குருஷ்சேவ் அதே வேகத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பி, புல் நிலங்களை உழுது மக்காச்சோளம் போட ஆணையிட்டார். கசக்ஸ்தானின் கன்னிநிலங்களில் சில ஆண்டுகளில் புழுதிப் புயல்கள் எழுந்தன.

பசையும் இழையும்

வேர் மண்ணைக் கட்டுகிறது என்பது 1930-களில் உறுதியானாலும் எதைக் கொண்டு கட்டுகிறது என்ற கேள்வி நின்றது. விடைக்கான துண்டுகள் ஏற்கனவே சிதறிக் கிடந்தன. ஜெர்மானியரான ஃபோல்கென்ஸ் 1887-இல் எகிப்தியப் பாலைப் புற்களின் வேரைச் சுற்றி மணல் உறைபோல் ஒட்டியிருப்பதை விவரித்திருந்தார். லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-இல் வேரின் தாக்கத்துக்குட்பட்ட மண்பகுதிக்கு வேர்மண்டலம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1963-இல் ஹான்ஸ் ஜென்னியும் குரோசன்பாக்கரும் மின்னணு நுண்ணோக்கியில் வேருக்கும் களிக்கும் இடையே உள்ள பசைப்படலத்தைக் கண்டனர்.

இவற்றை ஒரு சித்திரமாக்கியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜூடித் டிஸ்டாலும் மால்கம் ஓட்ஸும் 1982-இல் வெளியிட்ட கட்டுரை. அவர்களின் கணக்கில் திரள்கள் இரு நிலையில் உள்ளன. கால் மில்லிமீட்டருக்கும் சிறியவை பழைய கரிமப் பொருளால் ஒட்டப்பட்டவை. உழவு அவற்றை எளிதில் அசைக்காது. அதைவிடப் பெரியவற்றை நுண்வேர்களும் பூஞ்சை இழைகளும் கட்டுகின்றன; அவை உயிருள்ள கயிறுகள், உணவு நின்றால் அறுந்துவிடும். நிலத்தைத் தரிசாகப் போட்டு உழுதுகொண்டே இருந்தால் பெரிய திரள்கள் முதலில் குலைவது இதனால்தான். களி குறைந்த மணற்பாங்கான நிலத்துக்கோ, இரும்பு ஆக்சைடுகளே ஒட்டும் வெப்பமண்டலச் செம்மண்ணுக்கோ இந்தப் படிநிலை அப்படியே பொருந்துவதில்லை.

வேரைக் கொண்டு மண்ணைக் காக்கும் முறைகளுள் உலகெங்கும் பரவிய ஒன்று தமிழ்ப் பெயரைத் தாங்கியுள்ளது. ஃபிஜியின் கரும்புச் சரிவுகளில் 1950-களில் ஜான் கிரீன்ஃபீல்ட் வெட்டிவேர் வரப்புகளை அமைத்தார். 1980-களில் உலக வங்கி அம்முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர்கள் அதை நிலத்தின் எல்லை வேலியாக முன்னமே நெடுங்காலமாக நட்டு வந்தனர்.

முடுக்கிக்குள் புல்வெளி

சிதைந்த கட்டமைப்பு மீளுமா என்பதற்கான தெளிவான விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தின் துகள்முடுக்கி, பல கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டம். அதன் உட்புறம் பழைய வயல்நிலம். 1975-இல் ராபர்ட் பெட்ஸின் முயற்சியில் அங்கே பிரேரி விதைகள் விதைக்கப்பட்டன. கல்லறைத் தோட்டங்களிலும் ரயில்பாதை ஓரங்களிலும் எஞ்சியிருந்த புற்களிலிருந்து தன்னார்வலர்கள் சேகரித்தவை அவை. ஆண்டுதோறும் புதிய துண்டு நிலங்கள் விதைக்கப்பட்டதால், வெவ்வேறு வயதுடைய பிரேரிகள் அடுத்தடுத்து அமைந்தன.

ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஜூலி ஜாஸ்ட்ரோ இத்துண்டுகளின் மண்ணை உழுத வயலோடும், உழப்படாத பழைய பிரேரி எச்சத்தோடும் ஒப்பிட்டு 1987-இலும் 1996-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். நீரில் கரையாத பெரிய திரள்கள் ஏறத்தாழ பத்தாண்டுகளில் பழைய பிரேரியின் அளவை நெருங்கின. வேரும் பூஞ்சை இழையும் திரும்பி வந்ததும் கட்டும் திரும்பியது. கரிமத்தின் கணக்கு வேறு. அது பழைய நிலையை எட்ட, அவரது மதிப்பீட்டின்படி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.